மணல் மூட்டைகள் எழுந்து நிற்பதில்லை

இருபது மணல் மூட்டைகளுக்கும் எங்கள் பட்டறையில் பெயர் இருந்தது. மெக்கானிக் கறுப்பு மையில் ஒவ்வொன்றின் மேலும் எழுதி வைத்திருந்தார். முதல் வரிசை ஜன்னலோரத்தில் 'மாப்பிள்ளை'. அவருக்குப் பின்னால் 'பெரிய மாமா', 'சின்ன மாமா'. நாலாவது வரிசையில் 'மாமியார்'. மற்ற பத்தொன்பதும் சரியாக எழுபத்தைந்து கிலோ. மாமியார் மட்டும் எத்தனை முறை அவிழ்த்துக் கட்டினாலும் எழுபத்தெட்டு காட்டினார்.

“அவங்க எங்க போனாலும் மூணு கிலோ கூடத்தான் எடுத்துட்டுப் போவாங்க, தராசக்கா. விட்டுடுங்க” என்றார் மெக்கானிக்.

தராசு என்பது நான். பட்டறையில் யாரும் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வண்டியில் ஏறும் ஒவ்வொரு ஆளும், பையும், திருகாணியும் எவ்வளவு எடை, எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது என் வேலை. மூட்டைகளை இருக்கைகளில் உட்காரவைத்து பெல்ட் மாட்டச் சொன்னது நான். பெல்ட்டுக்கு மேல் கயிறு போட்டு இறுக்கச் சொன்னதும் நான்தான். மணல் சரிந்தால் கணக்கும் சரிந்துவிடும் என்று காரணம் சொன்னேன். ஒன்பது மாதம் அந்த இருபது பேரும் கடலின் மேல் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்வந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை.

வண்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். படகு என்று எழுதினால் துறைமுகத்துக்காரர்கள் இது எங்களுடையதல்ல என்று கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். விமானம் என்று எழுதினால் விமானத்துறைக்காரர்கள் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பார்ப்பதற்குக் குட்டையான தடித்த இறக்கை வைத்த விமானம் போல இருக்கும்; அடிப்பாகம் படகு. தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பறக்கும். அதற்கு மேல் போக அதற்குத் தேவையில்லை, போகவும் கூடாது.

ஏன் அவ்வளவு தாழ்வாக? வழவழப்பான தரையில் ஒரு தாளை மட்டமாகப் பிடித்து விட்டுப் பாருங்கள். கீழே வந்ததும் பொத்தென்று விழாது. தரைக்குச் சற்று மேலே வழுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடும். தாளுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுக்குச் சட்டென்று வெளியே போக வழியில்லை, அது மெத்தையாகிவிடுகிறது. எங்கள் இறக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவிலும் அதுதான் நடக்கிறது. புத்தகங்களில் இதற்குத் தரைவிளைவு என்று பெயர். மெத்தை சுமப்பதால் விமானத்துக்கு வேண்டியதைவிடச் சிறிய இன்ஜின் போதும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதால் படகைப் போலப் பல மடங்கு வேகம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வண்டி கொஞ்சம் தாழ்ந்தால் மெத்தை நசுங்கி இன்னும் பலமாக மேலே தள்ளும். கொஞ்சம் உயர்ந்தால் மெத்தை தளர்ந்து வண்டியைக் கீழே விடும். உயரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அதை அளவுகருவியில் முதல்முறை கண்ணால் கண்ட அன்று, முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன்.

தம்பி என்றால் என் கூடப்பிறந்தவன். வண்டியை ஓட்டுபவன் அவன்தான். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தீவுக்குப் போகும் பழைய ஃபெர்ரியில் கேப்டனாக இருந்தான். ஃபெர்ரி அந்தக் கடலைக் கடக்க ஒரு மணி நாற்பது நிமிடம் எடுக்கும். எங்கள் வண்டி பதினெட்டு நிமிடத்தில் கடக்கும். அந்தப் பதினெட்டைச் சொல்லித்தான் அவனை நான் இழுத்துவந்தேன். நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை உரிமத்துக்கான சோதனை ஓட்டம். ஆய்வாளர் ஒருவர் உடன் வருவார். மூட்டைகளை இறக்கிவிட்டு முதல்முறையாக மனிதர்களை ஏற்றுவோம். தினமும் ஃபெர்ரியில் போய்வருகிறவர்களில் இருபது பேர் தாங்களே விரும்பிப் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்தைத் தவறவிட்டால் கடல் கொந்தளிக்கும் பருவம் ஆரம்பித்துவிடும். அலை முக்கால் மீட்டரைத் தாண்டினால் எங்கள் வண்டி தண்ணீரை விட்டு எழும்ப முடியாது. நான்கு மாதம் கரையில் கிடக்க வேண்டியதுதான். காகிதங்கள் எல்லாம் தயார். 'இருபது பயணிகளுடன் பாரச் சமநிலை சரி' என்ற தாளில் என் கையெழுத்து இருந்தது.

ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி. பயணிகளின் சராசரி எடையை எழுபத்தைந்து என்று நான் உத்தேசமாகத்தான் வைத்திருந்தேன். ஆய்வாளர் கேட்டால் உண்மையான எண் கையில் இருக்கட்டும் என்று திங்கட்கிழமை காலை தளத்தராசு ஒன்றைத் தள்ளிக்கொண்டுபோய்ப் படகுத்துறை வாசலில் வைத்தேன்.

“பையோட சேத்தா, பை இல்லாமயா?” என்று கேட்டார் தையல்காரர்.

“பையோடதான்.”

“அப்ப ஒரு நிமிஷம்.” பையைத் திறந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

“அதும் உங்க கூடத்தான வரும்?”

“வரும். எழுத வேணாம்.”

அவருக்குப் பின்னால் தீவு மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் நர்ஸ். தராசில் ஏறுவதற்கு முன்பே குனிந்து என் காதருகே வந்தார். “நம்பரை வாய்விட்டுப் படிச்சிடாதீங்க மேடம். பின்னால நிக்கிறது என் வீட்டுக்காரர். கல்யாணத்தப்ப வேற நம்பர் சொல்லியிருக்கேன்.”

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் பின்னால் இருந்தவர்.

சராசரி எழுபது கிலோ வந்தது. நான் வைத்திருந்ததைவிடக் குறைவு. எனக்கு ஒரே சந்தோஷம். வந்தது வந்தோம் என்று அதே ஃபெர்ரியில் ஏறி, கடைசி பெஞ்சில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தீவை நெருங்கும்போது முதலில் அலைதடுப்புச் சுவர் வரும். அதன் நுனியில் ஒரு சிவப்பு விளக்குக் கம்பம். அந்தக் கம்பம் ஜன்னலைத் தாண்டியதும் பள்ளிக்கூட எழுத்தர் ஒருவர் எழுந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த அரை நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். தையல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறப்பதற்கு முன்பே அவரும் எழுந்துவிட்டார். எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் பின்கதவை நோக்கி நடந்தார்கள். வந்து சேர்ந்துவிட்டோம் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். படகுத்துறை எங்கோ பொம்மைபோலத் தெரிந்தது.

“எதுக்கு இப்பவே எழுந்துட்டாங்க?” என்று நர்ஸைக் கேட்டேன்.

“பஸ்ஸு. ஒரே ஒரு பஸ்தான். இருபத்தெட்டு சீட்டு. பின்னால இறங்கினா முக்கால் மணி நேரம் நின்னுட்டே போகணும்.”

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கே?”

“அதுக்குன்னு? எல்லாரும் எழுந்துட்டாங்கல்ல” என்று சொல்லிக்கொண்டே அவரும் எழுந்து போனார்.

நோட்டில் பாதி எழுதிய வரியோடு பேனா நின்றுவிட்டது. பஞ்சில் தண்ணீர் ஏறுவதுபோல மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. ஃபெர்ரி நானூறு டன். நூறு பேர் பின்னால் போய் நின்றாலும் அது பொருட்படுத்தாது. எங்கள் வண்டி எல்லாம் சேர்ந்து ஐயாயிரத்து இருநூறு கிலோ. எங்கள் கதவும் பின்னால்தான். இன்ஜின்கள் முன்னால் இருக்கின்றன. அவை காற்றை இறக்கைக்கு அடியில் ஊதினால்தான் வண்டி தண்ணீரை விட்டுக் கிளம்பும். சுழலும் விசிறிக்குப் பக்கத்தில் கதவு வைக்க முடியாது என்பதால் பின்னால் வைத்தோம்.

ஓர் அடிஸ்கேலை ஒற்றை விரலில் நிறுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அதுதான் அதன் பாரமையம். எங்கள் வண்டிக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அது பின்னால் பதினெட்டு சென்டிமீட்டர் வரை நகரலாம். அதைத் தாண்டினால் வால் கனத்து மூக்கு தூக்கும். சாதாரண விமானமாக இருந்தால் ஓட்டுபவர் அழுத்திக் கீழே கொண்டுவருவார். எங்கள் வண்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெத்தை இருக்கும்வரை அது இறக்கையின் பின்பாதியைத்தான் அதிகம் தாங்குகிறது. மூக்கு தூக்கி உயரம் கூடினால் மெத்தை விலகும். மெத்தை விலகினால் பின்பாதிக்கு இருந்த தாங்கல் போய், தூக்கும் விசை முன்பக்கம் வந்துவிடும். அதாவது மூக்கு இன்னும் தூக்கும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நான் கொண்டாடினேனே, அந்த மெத்தை அதற்கு மேல் நமக்கு எதிராக வேலை செய்யும். போகப் போகக் குப்புறப் புரளாது, மல்லாந்துவிடும்.

பெருக்கிப் பார்த்தேன். எழுபது கிலோ ஆள் நாலு மீட்டர் பின்னால் நடந்தால் பாரமையம் ஐந்தரை சென்டிமீட்டர் நகரும். மூன்று பேர் நடந்தால் பதினாறு. நான்காவது ஆள் எழுந்தால் எல்லை தாண்டியாயிற்று. என் கண்ணெதிரே ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையும் மாமியாரும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அல்ல. ஒன்பது மாதம் அது எனக்குத் தோன்றவேயில்லை.

பட்டறைக்குத் திரும்பியபோது தம்பி சரிவுமேடையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் உப்பைக் கழுவியாக வேண்டும்.

“தடுப்புச்சுவர் விளக்கு தாண்டினதும் ஜனங்க எழுந்துடுவாங்கன்னு உனக்குத் தெரியுமாடா?”

“தெரியாம என்ன. பன்னிரண்டு வருஷம் மைக்ல கத்தியிருக்கேன். எவன் கேட்டான்?”

“அப்பறம் ஏன் எங்கிட்ட சொல்லல?”

“இதையெல்லாம் போய்ச் சொல்லுவாங்களா? பல்லு தேய்ப்பாங்க, தலை சீவுவாங்க, விளக்கு வந்தா எழுந்துடுவாங்க. எழுந்தா எழுந்துட்டுப் போறாங்க, இப்ப என்ன?”

நோட்டைக் காட்டினேன். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படித்தான்.

“மூணு பேரா?”

“மூணு தாங்கும். நாலாவது ஆளு எழுந்தா தாங்காது.”

“நீ சரின்னு எழுதிக் குடுத்ததத்தான் நான் இத்தன மாசம் ஓட்டினேன்.” குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஆமா. தப்பு என்னோடதுதான். மூட்டைய கட்டச் சொன்னது நான்தான். அதனாலதான் சொல்றேன், வியாழக்கிழமைய தள்ளிப்போடலாம்.”

“தள்ளிப்போட்டா நாலு மாசம். நாலு மாசம் கழிச்சு இந்தப் பட்டறை இருக்குமான்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஃபெர்ரில என் எடத்துல வேற ஆள் போட்டாச்சு.” மறுபடி குழாயைத் திறந்தான். “வழி ஏதாச்சும் கண்டுபிடிக்கா. நிறுத்தறதுக்கு வழி தேடாத. ஓட்டறதுக்குத் தேடு.”

தலைமைப் பொறியாளரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார், ஒரு விரலை உயர்த்தினார்.

“பெல்ட்டுன்னு ஒண்ணு இருக்கேம்மா.”

“கழட்டிடுவாங்க சார்.”

“கழட்டாதீங்கன்னு சொல்லுவோம். ரெண்டு தடவ சொல்லுவோம். படிச்சவங்கதான எல்லாரும்? நீங்க ஃபெர்ரில பாத்தத இங்க கொண்டுவந்து ஒட்டாதீங்க. புது வண்டி, புது பயம். கப்சிப்னு உக்காந்திருப்பாங்க.”

புது பயம் என்பதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

பக்கத்தில் நின்றிருந்த மெக்கானிக்தான் அந்த யோசனையைச் சொன்னார். “மாமியாரையும் பெரிய மாமாவையும் மூக்குக்குள்ள தள்ளிடலாமே, தராசக்கா? ரெண்டு சீட்டக் குறைச்சுட்டா மொத்த எடை அப்படியே இருக்கும்.”

கணக்குப் போட்டேன். மூக்குப் பெட்டி பாரமையத்திலிருந்து ஐந்து மீட்டர் முன்னால் இருக்கிறது. அங்கே இரண்டு மூட்டை வைத்தால் பாரமையம் பதினான்கு சென்டிமீட்டர் முன்னால் வரும். அதற்கு மேல் வைக்க முடியாது. தண்ணீரிலிருந்து கிளம்பும்போது மூக்கை உயர்த்த முடியாமல் வண்டி தண்ணீரை உழுதுகொண்டே போகும். ஆக, பின்னால் கிடைக்கும் இடம் பதினெட்டிலிருந்து முப்பத்திரண்டு. மூன்று பேர் ஆறு பேர் ஆனார்கள்.

கடைசி வரிசையில் கதவை ஒட்டி நானே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். யார் எழுந்தாலும் நான் தடுப்பேன். ஆறு பேர் எழுவதற்குள் அதட்டி உட்காரவைக்க முடியாதா?

இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியை நான் கணக்கின் ஒரு வரியாகவே எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது. ஆறு என்ற எண் எனக்குத் தேவைப்பட்டது, வந்தது, எடுத்துக்கொண்டேன். காகிதத்தில் இருபதை அடித்துப் பதினெட்டு என்று திருத்தி, கையெழுத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கடல் தகடுபோல இருந்தது. பயணிகள் பதினாறு பேர், முன்வரிசையில் ஆய்வாளர், கடைசியில் நான். ஆய்வாளர் வெள்ளைச் சட்டையில் பேனா குத்திய, அதிகம் பேசாத மனிதர். தம்பி மைக்கில் பேசினான்.

“எல்லாருக்கும் வணக்கம். என்னைத் தெரியாதவங்க யாரும் இங்க இல்ல. வண்டி நிக்கிற வரைக்கும் யாரும் பெல்ட்ட கழட்டக் கூடாது, எழக் கூடாது. எதுக்குன்னா எழுந்தா வண்டி சாயும். சும்மா சொல்லல.”

“தூங்கலாமா கேப்டன்?” என்றார் தையல்காரர்.

“பதினெட்டு நிமிஷத்துல உங்களுக்குக் கொட்டாவியே முடியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். பெல்ட்டுகள் வரிசையாகப் பூட்டிக்கொண்டன. நான் ஒவ்வொருவருடையதையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது வண்டி அலறும். தண்ணீர் தன் பிடியை எளிதில் விடாது. அடிப்பாகத்தில் அலை தட்டத் தட்டப் பற்கள் அதிரும். பிறகு சட்டென்று எல்லாம் அடங்கிவிடும். தட்டல் இல்லை, அதிர்வு இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் பின்னால் ஓடும். நர்ஸ் 'அம்மா' என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. பயம் இரண்டு நிமிடம் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் யாரோ மிட்டாய் பிரித்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் எழுத்தரும் தையல்காரரும் யாருடைய மகள் திருமணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் நம்பிய புது பயம் அவ்வளவுதான் ஓடியது.

பதினைந்தாவது நிமிடம். இடது ஜன்னலில் சிவப்பு விளக்குக் கம்பம் வந்தது, போனது.

டக் என்று ஒரு பெல்ட் திறக்கும் சத்தம். பிறகு டக், டக், டக்.

“உக்காருங்க!” என்று கத்தினேன்.

“வந்தாச்சு மேடம்” என்றார் எழுத்தர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. அவர் முகத்தில் பிடிவாதமோ குறும்போ எதுவும் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. கால் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஃபெர்ரியில் விளக்கிலிருந்து துறைக்குப் பத்து நிமிடம். எங்கள் வண்டியில் தண்ணீரில் இறங்குவதற்கு நாற்பது வினாடி இருந்தது. அந்த நாற்பது வினாடியை உட்கார்ந்திருந்தால் போதும். இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தேன். ஒன்று, இரண்டு, நான்கு. நர்ஸும் வந்தார். பின்னால் இருந்தவர்கள் முன்னால் நிற்பவர்களை நெருக்கினார்கள். ஏழு வரை எண்ணினேன். அதற்குள் என்னைக் கதவோடு சேர்த்து அழுத்திவிட்டார்கள்.

தரை சாய்ந்தது. முன் கண்ணாடியில் அதுவரை தெரிந்த கடலும் தீவும் கீழே நழுவிப்போய், வெறும் வானம் மட்டும் நின்றது. பக்கத்து ஜன்னலில் தண்ணீர் தூரமாகப் போவதைப் பார்த்தேன். இரண்டு மீட்டர், மூன்று. மெத்தை போய்விட்டது என்று தெரிந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பதை வரிசைப்படி சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் நான்தான். என்னால் மூச்சுகூட விட முடியவில்லை.

அப்போது மைக்கில் தம்பியின் குரல் வந்தது. உட்காருங்கள் என்று அவன் சொல்லவில்லை.

“எல்லாரும் முன்னால வாங்க! கதவு முன்னால! எங்கிட்ட ஓடி வாங்க, சீக்கிரம், சீக்கிரம்!”

பன்னிரண்டு வருடமாக அந்தக் குரல்தான் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு கணம் திகைத்தார்கள். அப்புறம் கூட்டம் மொத்தமும் திரும்பி, மேடேறுவதுபோல இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடியது. உட்காரச் சொல்லியிருந்தால் கதவருகிலேயே குந்தியிருப்பார்கள். எடை அங்கேயேதான் இருந்திருக்கும். இன்ஜினை அணைத்திருந்தால் மூன்று மீட்டரிலிருந்து வால் முதலில் விழுந்து வண்டி பிளந்திருக்கும். அவன் பயணிகளையே எடைக்கல்லாக எடுத்து மூக்கில் வைத்தான்.

மூக்கு இறங்கியது. இறங்கிய வேகத்தில் தண்ணீரில் அறைந்தது. ஒரு முறை துள்ளி, மறுபடி அறைந்து, ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. அலறல் அடங்கியபோது எழுத்தரின் கை முழங்கைக்குக் கீழே தவறான பக்கம் வளைந்திருந்தது. தையல்காரரின் நெற்றி பிளந்து ரத்தம். நர்ஸ் தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப்போட ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் உதடு வீங்கியிருந்தது. யாரும் இறந்துபோகவில்லை. அதை நான் மூன்று முறை எண்ணி உறுதிசெய்துகொண்டேன்.

மிச்சத் தூரத்தைப் படகாகவே மெல்ல மிதந்து துறைக்கு வந்தோம். பஸ் நின்றுகொண்டிருந்தது. இருபத்தெட்டு இருக்கையும் காலி.

எங்களை வரவேற்க முன்கூட்டியே தீவுக்கு வந்திருந்த தலைமைப் பொறியாளர், காயம்பட்டவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத் துறை அலுவலகத்துக்கு வந்தார். ஆய்வாளர் உள்ளே காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“காத்துன்னே இருக்கட்டும்கா.”

“என்ன காத்து?”

“சீஃப் சொல்லப்போறாரு. விளக்குப் பக்கத்துல குறுக்கால ஒரு காத்து அடிச்சுதுன்னு. அப்படின்னா யார் மேலயும் தப்பில்ல. நான் ஓட்டினது நல்லா ஓட்டினதா ஆகும். பருவம் முடிஞ்சு மறுபடி சோதனை வைப்பாங்க. ஆளு எழுந்ததாலன்னு நீ சொன்னா, முதல்லயே தெரிஞ்சும் கையெழுத்து போட்டது யாருன்னு கேப்பாங்க.”

“நான்தான்.”

“அதத்தான் சொல்றேன். உன் பேரு போயிடும். வேற எங்கயும் உன்ன தராச தொட விடமாட்டாங்க.”

“மறுபடி சோதனை வைக்கும்போது அவங்க எழ மாட்டாங்களாடா?”

அவன் கையை விட்டுவிட்டான்.

உள்ளே தலைமைப் பொறியாளர் காற்றைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். தடுப்புச்சுவர் நுனியில் காற்று திரும்பும், அது உண்மை. எந்த மாதத்தில் எவ்வளவு என்பதுவரை சொன்னார். ஆய்வாளர் குறித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க. காத்தா?”

தம்பி மேசையைப் பார்த்தான். “அக்கா சொல்லட்டும் சார். கணக்கு அவங்களோடது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயால் சொல்ல வராதென்று தோன்றியது. ஒரு தாளை இழுத்து வண்டியைப் பக்கவாட்டில் வரைந்தேன். பாரமையத்துக்கு ஒரு புள்ளி, கதவுக்கு ஒரு கட்டம். வரைந்த பிறகு பேச்சு வந்தது. ஃபெர்ரி, பஸ், விளக்கு, மூட்டைகளைக் கட்டிய கயிறு, திங்கட்கிழமை நோட்டில் எழுதியது, மூக்கில் வைத்த இரண்டு மூட்டைகள், ஆறு பேர் என்று நான் நம்பிக்கொண்டது. ஒன்றும் விடவில்லை. தலைமைப் பொறியாளர் நடுவில் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். ஆய்வாளர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சே ஏத்தினீங்க.”

“ஆமா.”

நீண்ட நேரம் எழுதினார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். “எத்தனை பேர் எழுந்தாங்கன்னு உங்க கையால எழுதி, கணக்கையும் கீழ போடுங்க. இந்த வண்டிக்கு இப்ப உரிமம் இல்ல. அடுத்தது என்னன்னு விசாரணைக் குழு சொல்லும். உங்களுக்கும் சேத்துத்தான்.”

ஏழு என்று எழுதினேன். எழுபதால் பெருக்கி, நாலால் பெருக்கி, ஐயாயிரத்து இருநூறால் வகுத்தேன். முப்பத்தெட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எல்லை முப்பத்திரண்டு.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தம்பி எழுந்து என் பின்னால் வந்து நின்றான்.

“ஏழு இல்ல.”

நிமிர்ந்து பார்த்தேன்.

“ஒன்பது. எனக்கு மேல இருக்கிற கண்ணாடில எண்ணினேன். நீ கதவுக்கிட்ட நசுங்கிட்டிருந்தப்ப இன்னும் ரெண்டு பேர் எழுந்தாங்க.” விரலால் தாளைத் தட்டினான். “எழுதறதுன்னா சரியா எழுது.”

தலைமைப் பொறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏழை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். மறுபடி பெருக்கினேன். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் வந்தது. அவ்வளவு பெரிய எண்ணை அந்த வண்டியின் பெயரோடு சேர்த்து நான் ஒருநாளும் எழுதியதில்லை.

தம்பி என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான்.

“இன்னொரு தடவ போட்டுப் பாருக்கா” என்றான்.

போட்டேன். அதே நாற்பத்தெட்டுதான் வந்தது.